பதினாறாவது ஆள்

காலை ஏழரை மணிக்குத் தொலைபேசியில் பேசியவன் தன் பெயரைச் சொல்லவில்லை.

"மேடம், இன்னைக்கு சபையில பதினாறு பேர் சேரக்கூடாது. மீறி எவன் பதினாறாவதா உள்ள வர்றானோ, அவன் வீடு எங்களுக்குத் தெரியும். சொல்லிட்டேன்."

வைத்துவிட்டான். ஃபிலோமீஸ் காபிக் கோப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் செனட்டர்கூட இல்லை. மேல்சபையில் பெயர் கூப்பிட்டு, வந்தவர்களை எண்ணி, தாளில் எழுதும் எழுத்தர். அவளையே மிரட்டுகிறார்கள் என்றால் செனட்டர்களின் கதியைக் கேட்கவா வேண்டும்!

எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று இருபத்தொன்பது வருடம் பட்டுத் தெரிந்துகொண்ட நாடு ஹெய்ட்டி. அப்பனும் மகனுமாக ஆண்டு, கடைசியில் மகன் ஓடிப்போன பிறகு சட்டம் எழுத உட்கார்ந்தவர்கள், அதிகாரத்தைப் பிய்த்து இரண்டு பங்காக வைத்தார்கள். மக்கள் ஓட்டுப் போட்டு வரும் ஜனாதிபதி ஒருவர். அரசாங்கத்தை நடத்தப் பிரதமர் ஒருவர். பிரதமர் யார் என்று ஜனாதிபதி பெயர் சொல்லலாம், ஆனால் இரண்டு சபையும் தலையாட்டினால்தான் நாற்காலி. பிடிக்காமல் போனால் சபையே அவரை இறக்கியும் விடலாம். ஏற்பாட்டில் குறை சொல்வதற்கில்லை. மனிதர்கள்தான் கெட்டிக்காரர்கள். முப்பது பேர் கொண்ட மேல்சபையில் பதினாறு பேர் உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். அதனால், வேண்டாதவர்கள் எதிர்த்து ஓட்டுப் போடும் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. உள்ளேயே வருவதில்லை.

பழைய பிரதமர் ராஜினாமா செய்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது. அன்றாடக் காகிதங்களில் கையெழுத்துப் போடுவதற்கு மேல் அவருக்கு அதிகாரமில்லை. கீழ்ச்சபை எப்போதோ ஒப்புக்கொண்ட புதியவரோ மூன்று முறை நீல டை கட்டி மேல்சபைக்கு வந்து, படிக்க எழுதிய உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினார். இன்று நான்காவது முறை.

பத்து மணிக்கு முற்றத்துப் பாதாம் மரத்தடியில் சில செனட்டர்கள் கறி அடைத்த பாத்தே பலகாரம் தின்றுகொண்டு நின்றார்கள். அவர்களில் பஸ்லேயும் இருந்தார். எழுபது வயது. பதினோரு வருடமாக அவளைப் 'பொண்ணே' என்றுதான் கூப்பிடுவார்.

"உள்ள வரலையா ஐயா?"

"எத்தனை பேர் இருக்காங்க?"

"பதினஞ்சு."

"பதினாறு ஆனதும் சொல்லு பொண்ணே. பதினேழாவதா ஓடி வரேன்."

"எல்லாரும் இதையே சொன்னா பதினாறு எப்படி ஐயா ஆகும்?"

பக்கத்தில் நின்ற லமார் வாய் நிறையச் சிரித்தார். "நான் பதினெட்டுக்குத் துண்டு போட்டாச்சு. பஸ்லே, நீ வயசுல பெரியவன், முன்னாடி போயேன்!"

"எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்காங்கப்பா. நீ போ."

எல்லோரும் சிரித்தார்கள். பஸ்லே மட்டும் பாத்தேயைத் தின்னாமல் பிய்த்துப் பிய்த்துச் சட்டையில் உதிர்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் போன் வந்துச்சு," என்றார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "அந்த ஆளு பிரதமர் ஆகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. நான் பதினாறாவதா ஆகக் கூடாது, அவ்வளவுதான்."

சபையில் அவள் முப்பது பெயரையும் கூப்பிட்டாள். முற்றத்து ஒலிபெருக்கியிலும் அவள் குரல் கேட்டது. பதினைந்து பேர் பதில் சொன்னார்கள். நீல டைக்காரர் உரையை மடிக்கத் தயாரானார்.

"எத்தனை?" என்றார் சபைத் தலைவர்.

அவள் நிமிர்ந்தாள். பக்கக் கதவருகே பஸ்லே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் வாசற்படிக்கு இந்தப் பக்கம் இருந்தது. வந்துவிட்டார் என்று நினைத்தாள். கை பெயரை எழுதியது, வாய் சொல்லியது.

"பதினாறு."

நெருப்பை மிதித்தவர் போல பஸ்லே காலை இழுத்துக்கொண்டார். ஆனால் வெளியே ஒலிபெருக்கி சொல்லிவிட்டதே! லமாரும் இன்னும் இரண்டு பேரும் கல்யாணப் பந்திக்கு வருவதுபோல முண்டியடித்து உள்ளே வந்தார்கள். தலைவர் சுத்தியலைத் தட்டினார். 'இருங்கள், தப்பாக எண்ணிவிட்டேன்' என்று எழுந்து சொல்ல வேண்டும். ஃபிலோமீஸ் எழவில்லை. ஒரு மணிக்குள் உரையும் ஓட்டும் முடிந்து நாட்டுக்குப் பிரதமர் கிடைத்துவிட்டார்.

வாசலில் வானொலிக்காரர்கள் கேட்டார்கள். யார் அந்தப் பதினாறாவது ஆள்?

"நான் நுழையறப்பவே பதினாறு ஆயிடுச்சே! ஒலிபெருக்கில சொன்னாங்களே, கேக்கலையா?" என்றார் லமார். மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். பொய் இல்லை, மனதாரச் சொன்னார்கள்.

அவள் அறைக்குள் பஸ்லே வந்து கதவைச் சாத்தினார். "என் பேரை எழுதிட்டியா?"

"கால் உள்ள இருந்துச்சு ஐயா."

"கால்தானே இருந்துச்சு! நான் வெளியில இருந்தேன்! அடிச்சிடு பொண்ணே, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"அடிச்சா அந்த இடத்துல லமார் ஐயா பேரை ஏத்தணும்."

"ஏத்து! அவன் சின்னவன், தாங்குவான்!"

தொலைபேசி அடித்தது. காலையில் கேட்ட அதே குரல்.

"யார் மேடம் அது?"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். தாள் எதிரே கிடந்தது. ஒரு பெயரைச் சொன்னால் போதும், அவள் தப்பித்தாள். எதிரில் பஸ்லே தொப்பியைக் கசக்கிக்கொண்டு தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார்.

"அப்படி யாரும் இல்ல," என்றாள். "பதினஞ்சு பேருதான் இருந்தாங்க. பதினாறுன்னு சொன்னது நான்."



"அப்ப நீதான் அது."

"ஆமா."

இணைப்பு அறுந்தது. பஸ்லே மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, அவள் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டார். அவர் கண்ணில் நீர் நின்றது. அவள் பையை எடுத்தாள்.

"ஐயா, நீங்களும் எங்க பக்கம்தானே போறீங்க? உங்க கார்ல என்னை வீடு வரைக்கும் கொண்டுபோய் விடறீங்களா? தனியாப் போக பயமா இருக்கு."

பஸ்லே கதவை ஒரு சாண் திறந்து நடைக்கூடத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இன்னைக்கு வேண்டாம் பொண்ணே," என்றார். "உன்கூட என்னை யாராவது பார்த்துட்டா?"

அவர் வெளியே போய்க் கதவை மெல்லச் சாத்தினார். சற்று நேரத்தில் கீழே அவருடைய கார் கிளம்பும் சத்தம் அவளுக்குக் கேட்டது.