வயரில்லாத கீபோர்டும் சசிக்குமாரும்

மாத்தளையில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போகும் ரோட்டில் மனு டைப் பண்ணிக் கொடுப்பது என் தொழில். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல அடிப்பேன். முடிந்ததும் முழுவதையும் வாசித்துக் காட்டி, சரிதானே என்று கேட்ட பிறகுதான் பிரிண்ட் எடுப்பேன். இத்ரூஸ் நானாவிடம் போனால் ஒரு சொல் பிழைக்காது என்று ஊரில் எனக்குப் பெயர்.

பக்கத்துக் கடையில் சசிக்குமார் போன் திருத்தினான். நான் வயரில்லாத கீபோர்ட் ஒன்றை வாங்கி வந்து அவனிடம் பெருமையடித்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, மலிவுச் சாமான் என்றான். அடிக்கும் எழுத்தெல்லாம் காற்றில்தான் போகிறது, இந்த மாதிரிச் சாமானில் அதற்குப் பூட்டு இருக்காது, அதற்கான கருவியோடு கிட்ட இருப்பவன் பிடித்துவிடலாம் என்றான். ஆனால் அந்தளவு மெனக்கெட இங்கே யார் இருக்கிறார்கள், பயப்படாதீர்கள் என்றும் சொன்னான். நான் முன்பாதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

போன மார்ச்சில் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வேலம்மா வந்தார். தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கையா பெண்களைக் கேவலமாகப் பேசுகிறாராம். மேலிடத்துக்கு எழுத வேண்டும், ஆனால் விஷயம் வெளியே போகக் கூடாது என்றார். எழுதிக் கொடுத்தேன். கடிதம் போய்ச் சேருமுன்பே, மறுநாள் காலை, கண்டாக்கையா அதிலிருந்த வரிகளை எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்திருக்கிறார். வேலம்மா அழுதுகொண்டு வந்து, நான் யாரிடமாவது சொன்னேனா என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை. அப்படியானால் காற்றில் எடுத்தவன் யார்? அந்த வித்தை தெரிந்தவன் பக்கத்துக் கடைச் சசிக்குமார்தான். கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. ரோட்டில் இறங்கினேன். பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

"காத்துல போறதயே களவெடுக்குறவன் இவன். இவன்கிட்டயா உங்க போனைக் குடுக்குறீங்க?"

அந்தக் கருவியே தன்னிடம் இல்லை என்று அவன் மேசை லாச்சிகளையெல்லாம் இழுத்துக் காட்டினான். யார் பார்த்தார்கள்? போனுக்குள் குடும்பப் படமெல்லாம் இருக்கும், கொடுக்கச் சனம் பயந்தது. இரண்டு மாதத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு தம்புள்ளைக்குப் போய்விட்டான். நான் வயர் உள்ள கீபோர்ட் ஒன்று வாங்கினேன். அதில் பத்திரமாக அடித்து, வழக்கம்போல வாசித்துக் காட்டினேன்.

ஆகஸ்டில் வேலம்மா வேறொரு கடிதத்துக்கு வந்தார். நான் வாசிக்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மெதுவா வாசிங்க நானா. அன்னிக்கி நீங்க சத்தமா வாசிக்கும்போது முறைக்குக் காத்திருக்குற வாங்குல ஒருத்தர் ஒக்காந்திருந்தாரு. அவரு கண்டாக்கையாவோட மச்சானாம். போன வாரந்தான் தெரிஞ்சிச்சு."

இருபது வருடமாக ஊராரின் இரகசியங்களை, முறைக்குக் காத்திருந்தவர்களுக்கெல்லாம் நானேதான் ஒப்புவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பழியை ஓர் அப்பாவியின் தலையில் போட்டேன். அன்று பட்ட வெட்கம் இன்னும் தீரவில்லை.

அடுத்த நாளே தம்புள்ளைக்கு பஸ் ஏறினேன். மரக்கறி மொத்தச் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் சின்னதாகக் கடை போட்டிருந்தான். என்னைக் கண்டதும் நாற்காலியை நகர்த்தி, டீ எடுப்பித்தான். வாடிக்கையாளர்களுக்குக் கேட்காமல் குனிந்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கையிலிருந்த போனை மேசையில் வைத்தான்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும் நானா. என்கிட்ட மெதுவா சொல்லி என்ன செய்ய? அன்னிக்கி ரோட்டுல கேட்டவங்ககிட்ட சொல்லுங்க."

மறுநாள் காலை கடைக்கு முன்னால், அதே ரோட்டில் நின்றேன். சசிக்குமார் களவெடுக்கவில்லை, பிழை என்னுடையது என்று தொண்டை கிழியச் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சசிக்குமார் யாரென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.