கதிர்காமநாதன் சொன்ன பனி

உஷாந்தி பிறந்து இருபத்தேழு வருசத்தில் ஸ்னோவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் வெள்ளவத்தையில், காலி வீதிக்கு மேலே ஒரு மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு, கனடாவில் எங்கே ஸ்னோ கொட்டும், எங்கே மழை பெய்யும் என்று சொல்வதுதான் அவளுடைய வேலை. சிரிக்காதீங்கோ. அங்கே இரவாகும்போது இங்கே பகல். முழித்திருக்கிற ஆள்தானே சொல்ல வேணும்!

முதலாளி மக்கீன் அவளை ஆறு மாதத் தவணைக்குத்தான் எடுத்திருந்தார். அந்தத் தவணை இந்தப் புதன்கிழமையோடு முடிகிறது. கம்பனியின் பெரிய வாடிக்கையாளர் கதிர்காமநாதன். டொரன்டோவுக்கு வடக்கே கடைத்தொகுதி வளவுகளில் ஸ்னோ வழித்து, நிலம் உறையாமல் உப்புப் போடுகிற லொறிகளை வைத்திருக்கிறவர். போன மாதம் ஒருமுறை உஷாந்தியின் கணிப்புப் பிழைத்துவிட்டது. "இன்னொருக்காப் பிழைச்சா நான் வேற இடம் பாப்பன்" என்று அவர் சொல்லிவிட்டார். "அவர் போனா நீங்களும் போகத்தான் தங்கச்சி" என்று மக்கீனும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அந்தப் புதன்கிழமை பார்த்து வந்ததோ ஒரு இரண்டுங்கெட்டான் புயல். வெப்பநிலை பூச்சியத்துக்கு ஒரு பாகை மேலே. கொஞ்சம் இறங்கினால் ஸ்னோ, இல்லாவிட்டால் மழை. ஸ்னோ என்றால் லொறியெல்லாம் இறங்க வேண்டும். மழை என்றால் போட்ட உப்பு முழுக்க வடிகானுக்குள் ஓடும். பகல் ஒரு மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

பன்னிரண்டே முக்காலுக்கு மக்கீனின் போனுக்குக் கதிர்காமநாதனின் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது. "மக்கீன், வீட்டால வெளிக்கிட்டிட்டன். ஒரே பனி, றோட்டே தெரியேல்ல."

மக்கீன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்! றோட்டே மூடிட்டாம்! ஸ்னோண்டு அனுப்புங்க தங்கச்சி!"

உஷாந்தி அதைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். மக்கீனை அவள், முஸ்லிம் ஆக்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். "நானா, இது ஸ்னோ இல்லை. எங்கட யாழ்ப்பாணத்து ஆக்கள் கனடா போனா ஸ்னோவை ஸ்னோ எண்டுதான் சொல்லுவினம். பனி எண்டா அவருக்கு விடியக்காலத்தில புகை மாதிரி மூடுற புகார். 'பனிக்குள்ள நிக்காதை, தடிமன் வரும்' எண்டு அம்மா கத்துறது அதுக்குத்தான். அங்க புகார் மூடிக் கிடக்குது."

"மூடினா என்ன? மூடிட்டுக் கொட்டுமே!"

"கொட்டாது. காத்து காஞ்சு கிடந்தா, விழுற மழை ஆவியாகி அதைக் குளிர வைக்கும். குளிச்சிட்டு ஃபேனுக்குக் கீழ நிண்டா நடுங்குறமே, அப்பிடி. புகார் எண்டா காத்து ஏற்கெனவே ஊறிப்போச்சு. இனிக் குளிர வழியில்லை. மழைதான்."

கதிர்காமநாதனுக்கு மூன்று தரம் கோல் அடித்தாள். வாகனம் ஓட்டுகிற மனுசன் எடுக்கவில்லை. ஒரு மணியாக இரண்டு நிமிடந்தான் இருந்தது.

"உங்கட பேரைப் போட்டு அனுப்புங்க. எனக்கு இதுல பங்கில்ல" என்று மக்கீன் கையை விரித்தார்.

உஷாந்தி பேரைப் போட்டாள். 'மழை. லொறி இறக்க வேண்டாம்.' ஒரு மணிக்கு முன்னமே அனுப்பியும் விட்டாள்.

இரண்டு மணிக்கு வடக்கே ஒரு விமான நிலையத்திலிருந்து 'ஸ்னோ' என்று அறிக்கை வந்ததே பார்க்கலாம்! மக்கீன் தலையில் கை வைத்தார். "அது மேட்டு நிலம் நானா, அங்க குளிர் கூட" என்றாள் அவள். குரல் உறுதியாகத்தான் இருந்தது. சோற்றுப் பார்சல் மட்டும் பிரிக்காமலே கிடந்தது.

ஐந்தரைக்குக் கதிர்காமநாதன் வீடியோவில் வந்தார். காரின் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பிள்ளை, ஊத்துது! மற்றக் கம்பனிக்காரர் எல்லாரும் ஸ்னோ எண்டவை. இப்ப அவையளை நம்பினவன்ர லொறியள் மழைக்குள்ள நிண்டு உப்புக் கரைக்குது! மக்கீன், கேக்குதே? இனி இந்தப் பிள்ளை சொல்லாமல் என்ர லொறி ஒண்டும் அசையாது. அவவை விட்டியள் எண்டா என்னையும் விட்டியள்!"

உஷாந்திக்குச் சந்தோசத்தில் கண் நிறைந்துவிட்டது. மக்கீனோ போனுக்குள் தலையை நீட்டினார். "எங்க விடுற, கதிர் அண்ணே! நாங்க ரெண்டு பேரும் சேந்துதானே மழைண்டு முடிவெடுத்த!"

அட, புழுகைப் பார்!

உஷாந்தி போனைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். "இல்லை அங்கிள். மழை எண்டது நான். தனிய நான்தான்."