நான் எண்ணிய கைகள்

எங்கள் பள்ளியின் மாணவர் மன்றத்தில் தலைவர் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு கிடையாது. பிள்ளைகள் மேசையில் தலைகவிழ்ந்து கை தூக்குவார்கள். எண்ணுவது கணக்கு வாத்தியாரான நான்.

"நம்ம ஸ்கூல் கமிட்டித் தலைவர் பொண்ணு ஜெயிச்சா நல்லது சார். கவுந்து கிடக்கிறவங்களுக்கு என்ன தெரியப் போகுது?" என்றார் தலைமையாசிரியர். ஆமாம் சாமி போடுவதில் எனக்கு எப்போதும் நூற்றுக்கு நூறு.

பட்டாசு என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணுக்கு இருபத்தொரு கைகள் எழுந்தன. கமிட்டித் தலைவர் மகளுக்கு ஒன்பது. நான் பெயரை மாற்றி அறிவித்தேன்.

மணி அடித்ததும் பட்டாசு வந்தாள்.

"எனக்கு எத்தனை கை சார்?"

"நாலு" என்றேன். ஒன்பது என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம், பொய்யிலும் கஞ்சத்தனம்.

"என் கூட்டாளிங்களே ஆறு பேர் சார். எல்லாரும் எனக்குத்தான் போட்டோம்னு சத்தியம் பண்ணாங்களே?"

நான் சாக்பீஸைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

"சரி விடுங்க சார். உங்களுக்கா கணக்குத் தப்பும்?"

மறுநாள் அவள் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தாங்கள் என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் அந்த ஆறு பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கரும்பலகைப் பக்கம் திரும்பி அன்றைய கணக்கை எழுதினேன்.