விலகல் படிவம்

லிஃப்ட் பழுது. அக்காவின் கையிலிருந்த விலகல் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு நான்கு மாடியும் ஓடினேன். மணி நாலே முக்கால். ஐந்துக்குள் அது வக்கீல் மேஜையில் இருக்க வேண்டும்.

அக்காவும் அத்தானும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். பத்துப் படிக்கு ஒருமுறை அவள் நின்றாக வேண்டும். பன்னிரண்டு வருஷம் பார்லரில் அடுத்தவர் தலைக்கு முடி நேராக்கும் க்ரீம் தடவியதில் நுரையீரல் போய்விட்டது.

அந்த க்ரீம் கம்பெனி மீது பதினோராயிரம் பேருக்காக ஒரே வழக்கு. பெரும்பாலோருக்கு வெறும் அரிப்பு. சமரசத்தில் ஆளுக்கு இரண்டு பாட்டில் புது க்ரீம் இலவசம். அதற்குச் சம்மதித்தவர் பிறகு தனியாக வழக்குப் போட முடியாது. அக்காவின் சிகிச்சைக்கோ தனி வழக்கு ஒன்றுதான் வழி. அதற்கு, இன்றைக்குள் இதிலிருந்து விலகியாக வேண்டும்.

அந்தப் பொது வழக்கை நடத்தும் வக்கீல் கம்ப்யூட்டரில் அக்கா பெயரைத் தேடினார். அவர் முகம் மாறவும், அக்கா மூச்சிரைக்க வந்து நாற்காலியில் விழவும் சரியாக இருந்தது.

"சம்மதப் படிவம் போன மாசமே வந்திருக்கும்மா. கையெழுத்தோட."

தான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றாள் அக்கா. அத்தான் எகிறினார். உமக்கும் ரெண்டு பாட்டில்தானா, தலையில் முடியே இல்லையே என்று வக்கீலைச் சீண்டினார். வக்கீல் கோபப்படவில்லை. தன் கட்டணத்தைக் கம்பெனி தருகிறது என்றார். அரிப்புக்காக யாரும் தனியாகக் கோர்ட் ஏற மாட்டார்கள், இத்தனை பேர் சேர்ந்ததால்தான் பழைய க்ரீம் கடைகளை விட்டே போனது என்றார். அக்கா மாதிரி ஆட்களுக்கு இது போதாது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

"போட்டவங்க 'நான்தான்'னு அஞ்சு மணிக்குள்ள எழுதிக் குடுத்தா, ஜட்ஜ்கிட்ட ரத்து பண்ணக் கேக்கலாம். ஆனா போலிக் கையெழுத்துன்னு அவங்க மேல கேஸ் வரலாம். அதையும் சொல்லிடறேன்."

அக்கா அத்தானைப் பார்த்தாள். "நீங்களாங்க? சொல்லிடுங்க. நான் திட்ட மாட்டேன்."

"உன் மேல சத்தியமா நான் இல்லடி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வக்கீல் வெள்ளைத்தாளையும் பேனாவையும் மேஜை நடுவில் வைத்தார். ஆறு நிமிஷம். யாரும் தொடவில்லை. ஐந்தானதும் அவரே எடுத்து இழுப்பறையில் போட்டார்.

இறங்கும்போது அக்கா அத்தான் கையை உதறிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒருத்தியாவது எனக்காக ஓடினியே."

புதுப் படிவம் போனால் பழையது செல்லாமல் போகும் என்று நம்பித்தான் ஓடினேன். போன மாதம், கூட இரண்டு பாட்டில் வருமே என்று, அவள் பெயரிலும் ஒரு சம்மதப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.