கண் சிமிட்டும் பாம்பு

நத்தை ஓடு நொறுங்கும் சத்தத்துக்காக உல்போசின் மண்ணில் குப்புறப் படுத்துக் காத்திருந்தாள். கேமரா மூக்கோடு ஒட்டியிருந்தது. முழங்கையில் எறும்பு ஏறியது. தட்டிவிட்டால் எதிரே இருப்பது ஓடிவிடும். கடித்துத் தொலை என்று விட்டுவிட்டாள்.

எதிரே, காட்டுப் புதினாவின் நடுவில், செம்பு நிறத்தில் மணிக்கட்டுப் பருமனில் ஒன்று நீண்டு கிடந்தது. தலையைச் சாய்த்து நத்தையைப் பக்கவாட்டில் கவ்வியது. வாய்க்குள் உருட்டிப் பல்லுக்குத் தோதாக வைத்துக்கொண்டு கடித்தது. விருந்தில் எலும்பை உடைத்து மஜ்ஜை உறிஞ்சும் பெரிய மனிதரின் அதே நிதானம். தின்று முடித்ததும் தாடையைக் கல்லில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்தது. பிறகு உல்போசினைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது.

"கிழவி! உயிரோட இருக்கியா, போயிட்டியா?" தண்ணீர்க் குழாயடியில் நின்று அவள் கணவர் துய்சென் கத்தினார்.

புதினா அசைந்தது. இடம் காலி.

"நான் இருக்கேன். நீங்க கத்தினதுல அதுதான் போயிடுச்சு."

"அந்தப் பாம்பா?"

"பாம்பு இல்ல. பல்லி."

"பல்லின்னா கால் எங்க?"

"உங்க ஜாகிப் சித்தப்பாவுக்குச் சர்க்கரை முத்தி ரெண்டு காலையும் எடுத்தாங்களே, அவரு என்ன பாம்பா?"

துய்சென் சற்று யோசித்தார். "கொஞ்சம் பாம்புதான்" என்றார்.

வசந்தம் பிறந்ததிலிருந்து இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பாம்புக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, இதற்குக் கன்னத்தின் பின்னால் ஊசி நுழையும் அளவு ஓட்டை உண்டு. படங்களைப் பெரிதாக்கிக் காட்டி, லெங்கர் ஊரில் அவள் நச்சரிக்காத ஆள் பாக்கியில்லை. பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். தங்கை பார்த்தாள். ரொட்டிக் கடைக்காரன் மாவுக் கையோடு பார்த்தான். எல்லோரும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, நல்ல பெரிய பாம்பு என்றார்கள்.

உல்போசின் என்றால் அவர்கள் மொழியில் 'ஆண் பிறக்கட்டும்' என்று பொருள். வரிசையாகப் பெண்களைப் பெற்ற அப்பா, அடுத்ததாவது பையனாக வரட்டும் என்று கடவுளுக்குச் சொல்லியனுப்பிய செய்தி அது. செய்தி போய்ச் சேர்ந்தது, தம்பி பிறந்தான். வேலை முடிந்த பிறகும் பெயரை மட்டும் இவள் சுமந்துகொண்டிருந்தாள். யாரோ யாருக்கோ போட்ட சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பதுபோல ஆயுள் முழுக்க ஒரு கூச்சம்.

ஓய்வு பெறும்வரை ஊர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தாள். "மூச்சை இழுங்க. அடக்குங்க. அசையாதீங்க." பாதி ஊரின் விலா எலும்பு அவளுக்கு அத்துப்படி. முகங்கள்தான் மறந்துபோகும். இந்தக் கொல்லையில் எல்லாம் தலைகீழ். மூச்சை அடக்குவது அவள், எப்போது அசையலாம் என்று முடிவு செய்வது அது. தன்னை யாராவது இப்படி மண்ணில் படுத்துக் காத்திருந்து பார்த்ததுண்டா என்று ஒருநாள் தோன்றியது. தோன்றிய வேகத்தில் வெட்கமும் வந்தது. நத்தை தின்கிற ஒன்றின் மேல் பொறாமையா?

மே மாதத்தில் இரண்டு வந்தன. அந்தப் படங்களை துய்சென் அவள் கேமராவில் தற்செயலாகப் பார்த்துவிட்டார்.

"சண்டையா இது?"

"இல்ல."

"ஒண்ணு இன்னொண்ணோட தலையைக் கவ்விப் பிடிச்சிருக்கே?"

"அது ஆண். அதுங்க வழக்கம் அப்படி."

துய்செனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கேமராவைக் கவிழ்த்து வைத்தார். "வீட்டுல கல்யாண வயசுப் பொண்ணு இருக்கா, கிழவி!"

"அவகிட்டதான் முதல்ல காமிச்சேன்."

இப்போது கொல்லைக் கோடியில், எப்போதோ கழன்று விழுந்த தொழுவக் கதவின் அடியில், பெண் பல்லி முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. ஒரே ஒருமுறை உல்போசின் கதவின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். சீறியது, ஆனால் முட்டையை விட்டு நகரவில்லை. கேமராவை எடுக்கத் தோன்றாமல் கதவை மெதுவாக இறக்கிவிட்டாள்.

அந்த மூலைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. மகள் மோல்திருக்கு இலையுதிர் காலத்தில் கல்யாணம். வண்டிகள் நிறுத்தக் கொல்லை முழுக்கக் காங்கிரீட் போட துய்சென் ஏற்பாடு செய்துவிட்டார். சனிக்கிழமை சம்பந்தி வீட்டார் முதல் விருந்துக்கு வருகிறார்கள். திங்கட்கிழமை லாரி.

"குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறம் போடுங்க."

"அப்போ காங்கிரீட் காயுறதுக்குள்ள கல்யாணம் வந்துடும். சம்பந்தி காரை உன் பாம்பு தலை மேலயா நிறுத்தச் சொல்றே?"

பாம்பு இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். சோர்வாக இருந்தது. மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் தூசி அடங்கட்டும் என்று துய்சென் குழாயடியில் நின்றபடியே வாசலையும் திராட்சைக் கொடியையும் தண்ணீரால் அடித்துத் தள்ளினார். ஈரம் கண்டதும் நத்தைகள் கொடியைவிட்டு இறங்கிப் படியேறின. விருந்துப் பரபரப்பில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

சம்பந்திகள் துருக்கிஸ்தான் நகரத்திலிருந்து வந்தார்கள். ரபீகா என்ற சம்பந்தியம்மாவுக்கு அகன்ற தோள், தங்கப் பல், மறுபேச்சு கேட்டுப் பழகாத குரல். அவள் கணவர் ஒராஸ் ஒல்லியாக, அவளுடைய கைப்பை மாதிரி பக்கத்திலேயே இருந்தார். தரையில் மெத்தை விரித்து நடுவே விரிப்பு போட்டு, இறைச்சித் தாம்பாளம் வந்தது. மூத்த விருந்தாளிக்கு உரிய ஆட்டுத் தலையை ஒராஸின் முன்னால் வைத்தார்கள். அவர் முறைப்படி காதை அறுத்து மோல்திரிடம் நீட்டினார்.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. திறந்த வாசல் வழியாக, வாயில் பாதி நத்தையோடு, செம்பு நிறத்தில் அந்த ஆண் பல்லி உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஒராஸ் ஆட்டுக் காதோடு ஜன்னல் திண்டில் ஏறிவிட்டார். துய்செனின் முகம் மாவுபோல வெளுத்தது. ஆனால் சம்பந்தி பார்க்கிறாரே! கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து வாலைப் பிடித்தார். பிடித்த மாத்திரத்தில் அது கயிறு முறுக்குவதுபோல உடம்பைச் சுழற்றி, வயிற்றில் இருந்த அத்தனையையும் அவருடைய வெள்ளைச் சட்டையின் மேல் இறக்கியது. வாரக்கணக்கில் தின்ற நத்தைகள் அறை முழுக்க மணத்தன.

உல்போசின் அலமாரி மேலிருந்த கேமராவை எடுத்துக்கொண்டு அதற்குள் மண்டியிட்டிருந்தாள்.

"கையை எடுங்க சம்பந்தி!" ரபீகாவின் குரலில் கிண்ணங்கள் அதிர்ந்தன. "வீட்டுக்குள்ள வந்த பாம்பை அடிக்கிறதா? எந்த ஊரு வழக்கம் இது? தலையில பாலோ மோரோ, வெள்ளை ஊத்தி அனுப்பணும்னு உங்க அம்மா சொல்லித் தரலையா?"

துய்சென் வாலை விட்டார். ரபீகா கையிலிருந்த அய்ரான் மோர்க் கிண்ணத்தோடு முன்னால் வந்து, சற்றும் நடுங்காமல் அதன் தலையில் கவிழ்த்தாள். "வந்த மாதிரியே நல்லபடியா போ. எங்க பிள்ளைங்களுக்கு நல்லது செய்."

தலையிலிருந்து மோர் வழிய அது அப்படியே நின்றது. இரண்டு கண்ணையும் இறுக மூடியது. உல்போசின் கேமராவை அழுத்தினாள். கண்ணைத் திறந்தது. மறுபடி அழுத்தினாள். வாசலைத் தாண்டி, வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டே கொல்லைக்குப் போய், விழுந்து கிடந்த கதவின் பக்கம் மறைந்தது.

ரபீகா வாசலில் நின்று பார்த்தாள். "அங்கதான் குடியிருக்குதா?"

"கவலையே வேண்டாம் சம்பந்தியம்மா," என்றார் துய்சென், சட்டையை உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு. "திங்கக்கிழமை காங்கிரீட் போட்டு மூடிடுறோம்."

"என்னது? இப்பதானே வெள்ளை ஊத்தினேன்! என் கையால! அதை மண்ணுக்குள்ள வெச்சுப் பூசிட்டு, அது மேல என் மகனுக்குக் கல்யாணமா?" ஜன்னலைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டீங்களா இவரு பேசுறதை?"

"கேட்டேன்," என்றார் ஒராஸ், இறங்காமல்.

துய்செனுக்கு வியர்த்தது. சட்டென்று முகம் தெளிந்தது. "இது பாம்பே இல்ல சம்பந்தியம்மா! பல்லி! கால் இல்லாத பல்லி. இமை இருக்கு, கண் சிமிட்டும். காது ஓட்டை இருக்கு. பல்லிக்கு ஏது வெள்ளை? என் பெண்டாட்டி மாசக்கணக்கா இதைத்தான் ஆராய்ச்சி பண்றா. சொல்லு உல்போசின்!"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் சொன்ன ஒன்றை அவர் நாலு பேர் முன்னால் எடுத்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. கிழவி என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். அந்தப் பெயர் முதன்முறையாக அவளுடைய பெயராகவே ஒலித்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கையில் சாட்சிப் படமும் இருக்கிறது. வசந்தத்திலிருந்து ஊரில் ஒருவர்கூடக் கொடுக்காத வெற்றியைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். கதவுக்கு அடியில் முட்டைகளோடு சுருண்டு கிடந்தது நினைவுக்கு வந்தது. கதவு தூக்கப்பட்டபோதும் அது நகரவில்லை.

"பாம்புதான்," என்றாள்.

"ஏய்!" என்றார் துய்சென்.

"நல்ல பெரிய பாம்பு."

ரபீகா தங்கப் பல் தெரியச் சிரித்தாள். "நான் பாத்த உடனே சொன்னேன்ல? ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும்! படம் பிடிச்சீங்களே, காட்டுங்க."

உல்போசின் கேமராவின் பொத்தானைத் தட்டினாள். கண் மூடியிருந்த படம் வந்ததும் கட்டைவிரல் ஒருமுறை தயங்கித் தாண்டியது. கண் திறந்திருந்ததைக் காட்டினாள். அதுவே போனுக்கு மாறி, இரு குடும்பமும் அக்கம்பக்கமும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் போயிற்று. 'சம்பந்தி வீட்டில் வெள்ளை வாங்கிய பாம்பு' என்று ரபீகா எழுதினாள். பூக்களும் கும்பிட்ட கைகளும் வந்து குவிந்தன. நல்ல பெரிய பாம்பு என்று பக்கத்து வீட்டுக்காரி எழுதியிருந்தாள்.

விருந்தாளிகள் போன பிறகு துய்சென் குழாயடியில் பனியனோடு நின்று சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். மணம் போகவில்லை.

"பொய் சொன்னே."

"ஆமா."

"சம்பந்தி முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டே."

"வசந்தத்துலேர்ந்து பல்லி, பல்லின்னு தொண்டை வத்தக் கத்தினேன். ஒரு நாளாவது நம்பினீங்களா?"

"நம்பினேனே. நீ சொன்ன அன்னைக்கே போன்ல தேடிப் பாத்தேன். காது ஓட்டை எல்லாம் நீ சொன்ன மாதிரியேதான் போட்டிருந்தது."

உல்போசினுக்குக் கோபம் வந்து சேர ஒரு கணம் ஆயிற்று. "பின்னே ஏன் இத்தனை நாளும் பாம்பு பாம்புன்னு என் உயிரை வாங்கினீங்க?"

அவர் சட்டையைப் பிழிந்தார். மறுபடி பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை.

"பாம்புக்குப் பயப்படுறேன்னு சொன்னா எவனும் சிரிக்க மாட்டான். பல்லிக்குப் பயப்படுறேன்னு எப்படிடி சொல்றது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வசந்தத்திலிருந்து இவர் இந்தக் குழாயைத் தாண்டிக் கொல்லைக்குள் ஒரு அடி வைக்கவில்லை. கத்தியதெல்லாம் இங்கே நின்றுதான். பாதி ஊரின் விலா எலும்பைப் பார்த்தவள், பக்கத்தில் படுத்தவரின் நடுக்கத்தைப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவர் இன்று வாலைப் பிடித்திருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு. சிரிப்பும் அதோடு இன்னொன்றும் சேர்ந்து வரப் பார்த்தன. எது முதலில் வரும் என்று தெரியாததால் கேமராவைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள்.

கைக்கெட்டாத தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். மோர் சொட்டும் தலை, இறுக மூடிய இமை.

"இதை அனுப்பினியா?"

"இல்ல."

"அனுப்பாதே." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுவும் பயந்துதான் போயிருக்கு, பாவம்."

கொல்லைக் கோடியில் எங்கோ நத்தை ஓடு நொறுங்கியது. துய்சென் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"லாரிக்காரன்கிட்ட இப்ப என்ன சொல்றது?"

"பாம்பு இருக்குன்னு சொல்லுங்க," என்றாள் உல்போசின்.