குருத்தோலைச் சிலுவை இருந்த கதவு

ரோசலின் கைப்பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறுகையால் வாசற்கதவைத் தாங்கிப் பிடித்தாள். தச்சர் தம்புசாமி கீல்களைக் கழற்றினார்.

"பாத்துண்ணே, ஓலை விழுந்துடப் போவுது," என்றாள். குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலையைச் சிலுவையாக முடைந்து, நீல நூலால் கட்டி, அவள்தான் கதவில் அறைந்திருந்தாள்.

"ரெண்டே நாளு. சாயம் பூசி, கிறிஸ்மசுக்குப் புதுசா மாட்டிடலாம்," என்றார் வீட்டுக்காரர் கிரிகரி. பிரிக்பீல்ட்ஸில் அவருக்கு நாலு பலகை வீடுகள். ரோசலினின் பிள்ளைக்கு ஞானத்தகப்பனும் அவரே. அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தல்லவா கதவை அனுப்பிவைத்தாள், பாவி மகள்!

இரண்டு நாள் எட்டு நாளாயிற்று. கணவன் வாலண்டைன் ரயில் பாதை வேலையாக வெளியூர் போயிருந்தான். வாசலில் சாக்கைத் தொங்கவிட்டாள். மழைச்சாரல் பாய் வரைக்கும் வந்தது. பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஒன்பதாம் நாள் கிரிகரியின் ஆள் வந்து ஜன்னல் பலகைகளையும் கழற்றினான். அதற்கும் சாயமாம்.

மறுநாள் பிள்ளைக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், பாசார் சந்தைக்குப் பின்னால் கிரிகரி கட்டும் புது வீட்டைப் பார்த்தாள். வாசலில் அவளுடைய கதவு. நீல நூல்கூட அப்படியே இருந்தது.

அங்கே பலகை இழைத்துக்கொண்டிருந்த தம்புசாமி திகைத்து எழுந்தார். "என்னம்மா, இன்னும் அங்கயா இருக்க? நீ காலி பண்ணிட்டன்னு சொல்லித்தானே இத இங்க மாட்டச் சொன்னாரு! அந்த வீட்டக் காப்பிக்கடைக்காரனுக்குப் பேசி முடிச்சிட்டாரே!"

"போன்னு வாயால சொல்ல மனசு வரல. கதவில்லாம கைப்புள்ளையோட எத்தன நாள் இருப்பான்னு பாத்திருக்காரு," என்றாள் ரோசலின். அழுகைகூட வரவில்லை.

தம்புசாமியையும் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுச் சிவகுருநாதனிடம் போய்ச் சொன்னாள். அவர் வக்கீல் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். "வாடகை குடுத்ததுக்குத் துண்டு கிடக்கோ, தங்கச்சி?" என்று கேட்டார்.

தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளைக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றவரிடம் ரசீது கேட்பதா என்று இந்த ஒரு வருஷமும் கேட்கவில்லை. நம்மில் எத்தனை பேர் இப்படி இருக்கிறோம், கண்ணுகளா!

"பறவாயில்லை. வாடகைக்கு ஆள் இருக்கேக்க வீட்டுக்காரன் கதவைக் கழட்டேலாது. கழட்டின தச்சனே சாட்சி சொல்லுவானோ?"

"நான் சொல்றேன்யா. என் கையாலதானே கழட்ட வச்சாரு!" என்றார் கூட வந்திருந்த தம்புசாமி.

வக்கீல் கடிதம் போன மூன்றாம் நாள் கதவு வந்தது. ஜன்னல் பலகைகளும் வந்தன. கூடவே கிரிகரியும் வந்தார்.

"ஏம்மா, வக்கீல் கடுதாசி எதுக்கு? நான் என்ன அன்னியனா?"

"அன்னியனா இருந்தா எதுக்குக் கழட்டுறேன்னு அன்னிக்கே கேட்டிருப்பேண்ணே. நீங்கன்னுதான் நானே புடிச்சித் தூக்கிக் குடுத்தேன். ஒறவு கோயிலோட இருக்கட்டும். இங்க நீங்க வீட்டுக்காரரு, நான் வாடகைக்காரி. வீடு ஒங்களுதுதான், ஆனா வாடகை வாங்கிக்கிட்டு கதவையும் ஜன்னலையும் புடுங்க ஒங்களுக்கு அதிகாரமில்ல. வீடு வேணும்னா மொறையாச் சொல்லுங்க. இனி மாசாமாசம் துண்டும் குடுங்க."

அவர் வழக்கம்போல் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரையக் கை நீட்டினார். ரோசலின் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.