புளியமரத்துக்கு ஓலை வாசித்த கதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மரம் வெட்டப்படாததால். போன மாதம் எங்கள் தெருவில் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள், வேம்பில் பறவைக்கூடு இருக்கிறது, யாரோ ஆட்சேபணை கொடுத்திருக்கிறார்கள் என்று திரும்பிப் போனார்கள். ஆட்சேபணை என்று காதில் விழுந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கோயிலின் மூன்றாவது பெஞ்சு ஞாபகம் வந்துவிட்டது. (எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சர்ச்சும் கோயில்தான், பாதிரியாரும் ஐயர்தான்.) அன்று அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தேவகிருபை. பாடகர் குழுவில் என்னோடு பாடியவள்.

2

முதல் தொடக்கம்: "அந்தப் புளியமரம் தலைமுறை தலைமுறையாக அங்கே நின்று" – வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையைப் படித்தால் எனக்கே கொட்டாவி வரும்.

இரண்டாவது: "கல்யாணம் நிச்சயமான அன்று கிருபையின் முகத்தில்" – என்ன இருந்தது? தெரியாது. நாங்கள் எல்லோரும் மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, நடந்ததையே சொல்கிறேன். 1988 ஜனவரி. கோயில் வளாகத்தில் புது மண்டபத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது. கூரை போட விடாமல் புளியமரத்தின் கிளைகள் குறுக்கே நின்றன. மரம் நிறையக் கொக்குக் கூடு. மழைக்காலம் முடிந்தால் எங்கள் ஜெபத்தைவிட அவற்றின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். கேட்டிலிருந்து வாசல் வரை எச்சத்துக்குப் பயந்து வெயிலிலும் குடை பிடித்துத்தான் போவோம். வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஓடுவார்கள். அந்த ஓட்டத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

கிருபையின் கல்யாணம் பிப்ரவரியில். புது மண்டபத்தில் முதல் விருந்து அதுதான் என்று பேச்சு. கொக்கு எச்சத்துக்கு நடுவில் இலை போட முடியாது என்று மாப்பிள்ளையின் அம்மா ஞானபாக்கியம் கறாராகச் சொல்லிவிட்டார். பிப்ரவரி நடுவிலேயே லெந்து என்ற நோன்புக்காலம் தொடங்கிவிடும். ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது.

(பால்கோவா எங்கே என்று தேடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சில கதைகள் அது இல்லாமல் நடக்கும்.)

3

கட்டட கான்ட்ராக்டர் கிறிஸ்துராஜை வில்லனாக்கலாம் என்று பார்த்தேன். கோடரியைத் தோளில் வைத்து, மீசையை முறுக்கி – பாவம், அவருக்கு மீசையே கிடையாது. மரம் வெட்ட அரசாங்க அனுமதியெல்லாம் முறையாக வாங்கி வைத்திருந்தார். அதில் கூட்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கோயிலுக்குள் மட்டும் ஒரு பழைய வழக்கம் குறுக்கே வந்தது.

கல்யாணம் என்றால் எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று. வளாகத்தில் எதை அகற்றினாலும் அதே மாதிரி மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டும். அந்த மாதம் கிருபைக்கும் புளியமரத்துக்கும் சேர்த்தே ஓலை வாசித்தார்கள். ஐயர் இரண்டையும் வாசித்துவிட்டு, நேரம் மிச்சம் என்று ஒரே ஒரு தடவை கேட்பார். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

முதல் இரண்டு ஞாயிறும் கொக்குகள் மட்டும்தான் பதில் சொல்லின.

4

மூன்றாம் ஞாயிறு கிருபை எழுந்து நின்றாள்.

பெஞ்சுகள் கிரீச்சிட்டன. அவளுடைய அப்பா தேவஇரக்கம் பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டார். ஐயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எந்த ஓலைக்கும்மா?"

வெளியே குஞ்சுகள் இரைக்குக் கத்தின.

"மரத்துக்கு ஐயா. குஞ்சு இன்னும் பறக்கல."

"மண்டபம் இல்லாம விருந்தை எங்கட்டி வைக்க?" என்று ஞானபாக்கியம் எழுந்துவிட்டார். "கொக்குக்காவ என் மவன் கல்யாணம் நிக்கணுமா?"

ஆட்சேபணை என்றால் ஆட்சேபணைதான் என்றார் ஐயர். குஞ்சுகள் பறக்கும் வரை மரத்தைத் தொடக்கூடாது. மரம் நின்றதால் மண்டபம் நின்றது, மண்டபம் நின்றதால் கல்யாணம் ஈஸ்டருக்கு அப்பால் போனது. கருணை உள்ள பெண் என்று ஊரே பேசியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

5

இதுவரை எழுதியதைக் கிருபைக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். (எந்த ஊருக்குப் போன் போட்டேன் என்று சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும்.)

"ஏட்டி பரிபூரணம், என்னைப் பெரிய புண்ணியவதியா ஆக்கிட்டியே," என்று சிரித்தாள். "நான் குஞ்சுக்காவ எந்திரிக்கல."

"பொறவு?"

"பொண்ணு பாக்க வந்தாக, நாள் குறிச்சாக, சேலை எடுத்தாக. உனக்குச் சம்மதமான்னு ஒருத்தராச்சும் கேட்டாகளா? ஆட்சேபணை உண்டான்னு ஐயர் ஒருத்தர்தான் கேட்டாரு, அதுவும் சபையைப் பாத்து. மூணாவது ஞாயிறு, என்னையுந்தானே கேக்காருன்னு தோணிச்சு. கால் தானா எந்திரிச்சிட்டு. எதுக்குன்னு கேட்டதும் பயந்துட்டேன். வெளிய குஞ்சு கத்துச்சு. மரத்துக்குன்னுட்டேன்."

"அப்ப மாப்பிள்ளையைப் பிடிக்கலையா?"

"அது எனக்கே தெரியாதுட்டி. தெரிஞ்சுக்கிட ஈஸ்டர் வரைக்கும் நேரம் கிடைச்சுதுல்ல."

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்காம் பகுதியைத் திருத்தி எழுதலாமா என்று கேட்டேன். "அது அப்படியே கெடக்கட்டும். அம்புட்டுப் பேரும் அப்படித்தானே நம்புனாக," என்றாள்.

6

முடிவு ஒன்று: ஈஸ்டர் முடிந்து, புது மண்டபத்தில் கிருபை சிரித்த முகத்தோடு – அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கிருபை விடியற்காலை பஸ்ஸில் ராஜபாளையம் போய், அங்கிருந்து – இதையும் அடித்துவிட்டேன். "கடைசியை மட்டும் எழுதாத. வாசிக்கவுக என்னைக் கேக்கட்டும்," என்பது அவள் உத்தரவு.

ஆகவே எனக்கு அனுமதி உள்ளவரை சொல்கிறேன். பிப்ரவரி கடைசியில் குஞ்சுகள் எல்லாம் பறந்துவிட்டன. கிறிஸ்துராஜ் ஒவ்வொரு கிளையையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மரத்தில் கை வைத்தார். ஈஸ்டருக்குள் மண்டபத்துக்குக் கூரை ஏறிவிட்டது. பழைய ஓலைக்கு நாள் கடந்துவிட்டதால் புதிதாக மூன்று ஞாயிறு வாசித்தார்கள். இந்தத் தடவை ஒரே ஓலை.

மூன்றாம் ஞாயிறு. என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். உங்கள் பக்கத்தில் கிருபை இருக்கிறாள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சில்லென்றிருக்கும். ஐயர் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றுகிறார். சபையைப் பார்க்கவில்லை, நேராக அவளைப் பார்த்துக் கேட்கிறார்.

"ஆட்சேபணை உண்டாம்மா?"

வெளியே ஒரு சத்தமும் இல்லை. காட்டிச் சொல்ல இந்தத் தடவை ஒரு குஞ்சுகூடக் கிடையாது.